களரியும் கண்ணாடிக் குழலும்

எனது புத்தக அலுமாரியின் கீழ்த்தட்டிலே, நன்னூல் உரைகளுக்கும் பழைய வினாத்தாட் கட்டுகளுக்கும் இடையே, ஒரு சாண் நீளமான பிளாஸ்ரிக் குழாய்த்துண்டு ஒன்று கிடக்கின்றது. உள்ளும் புறமும் கறுப்பு மை பூசியது. ஒரு முனையில் வெறும் திருகு வளையம். மறு முனையில் ஒரு கண்ணாடி. நடுவே ஒருபுறம் புடைத்து நிற்கும் தகரப்பெட்டி. வீட்டுக்கு வருவோர் அதனைத் தண்ணீர்ப் பம்பியின் உறுப்பு என்றே எண்ணிக்கொள்வர். மின்கம்பி திருத்த வந்த தொழிலாளி ஒருவர் மட்டும் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, "இதுக்குள்ள மோட்டர் கிடக்குதே, சேர்!" என்று வியந்தார்.

மோட்டார் இருப்பது மெய்தான். பழுதான இசைத்தட்டுக் கருவி ஒன்றிலிருந்து கழற்றிய சிறு மோட்டார் அது. இக்குழாய், 2008 ஆம் ஆண்டிலே கிரானில் என் மாணவர் மூவர் கூடிச் செய்த ஒரு கண். கண் என்று நான் கூறுவது அணிநயம் கருதி அன்று. ஒரு வீடியோக் கமராவுக்கு இயற்கையில் இல்லாத ஒரு பார்வையை இக்குழாய் கொடுத்தது. அப்பார்வை வேண்டியதுதானா என்பது பின்னர் எழுந்த வினா. அவ்வினாவின் பொருட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கிரான், வெளியூர் வாசகர் பலருக்கு வெள்ளச் செய்திகளால் அறிமுகமான ஊர். மாரி மிகுந்த காலத்திற் கிரான் பாலத்தை நீர் மேவிவிட, அப்பாலுள்ள குடிகள் தோணியிற் போக்குவரத்துச் செய்வதைப் பத்திரிகைகள் படம் போட்டுக் காட்டும். அதே ஊர் கூத்தும் ஆடும் என்பதை அறிந்தோர் குறைவு. போர் நெருக்கிய காலத்திற் களரிகள் வெறுமையாயின. 2007 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் கிழக்கிலே போர் ஓய்ந்து, இடம்பெயர்ந்தோர் சிறிது சிறிதாகத் திரும்பிய பின்னர், மறு ஆண்டு வயல் அறுத்து முடிந்ததும் பாரதக் கதை தழுவிய வடமோடிக் கூத்து ஒன்றை ஆடுவது என ஊரவர் துணிந்தனர். கூத்தைப் பழக்கியவர் எழுபது கடந்த அண்ணாவியார். மத்தளத்தை இடுப்பிற் கட்டிக்கொண்டால் அவருக்கு இருபது வயது குறைந்துவிடும். கூத்துக் கொப்பியிற் பாட்டு உண்டு. தாளக்கட்டுகளின் நுட்பங்களோ அவருடைய நாவிலும் விரலிலுமே இருந்தன. "அண்ணாவியாரை எடுத்து வச்சிட வேணும், சேர்" என்று உயர்தர வகுப்பு மாணவர் மூவர் என்னிடம் வந்தனர். எடுத்து வைப்பதென்றாற் படம் எடுத்து வைப்பது.

கலியாண வீடியோ எடுக்கும் ஒருவரிடமிருந்து கமரா இரவல் கிடைத்தது. ஆனால் இளைஞர்களுக்கு ஒரு மனக்குறை. சில ஆண்டுகளுக்கு முன் அயலூர்க் கூத்து ஒன்றை இத்தகைய கமராவாற் பிடித்த நாடாவை அவர்கள் பார்த்திருந்தார்கள். நானும் பார்த்தேன். அருச்சுனனுடைய முகம் தெளிவாகத் தெரிந்தது. அவன் தோளுக்குப் பின்னே நின்ற மோட்டார்ச் சைக்கிளின் இலக்கத்தகடும் அதே தெளிவோடு தெரிந்தது. ஐஸ்கிறீம் பெட்டி, ஒலிபெருக்கிக் குழல், கொட்டாவி விடும் சிறுவன் ஆகிய யாவும் அருச்சுனனோடு சரியாசனம் பெற்று வீற்றிருந்தன. "சினிமாவில ஆள் மட்டும் துலக்கமா இருக்கும், பின்னால எல்லாம் புகைமாதிரிப் போகும். இது ஏன் அப்பிடி வரேல்ல?" என்பது மாணவர் கேள்வி.

காரணம் எளிது, கணக்கு மட்டும் சிறிது வேண்டும். கமராவிலே படம் விழும் இடம் எத்துணை அகலமானது என்பதே இதன் முடிச்சு. பழைய ஒளிப்படக் கமராக்களில் ஒரு படச்சட்டத்தின் அளவு 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் ஆகும். நல்ல கலியாண வீடியோக் கமராவின் ஒளியுணர் சில்லோ 4.8 மில்லிமீற்றருக்கு 3.6 மில்லிமீற்றர். பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் முன்னையது பின்னையதினும் ஐம்பது மடங்கு. (இச்சில்லை 'மூன்றிலொரு அங்குலம்' என்று வழங்குவர். எப்பக்கம் அளந்தாலும் அது மூன்றிலொரு அங்குலம் வாராது. பழைய தொலைக்காட்சிக் கமராக்களில் இருந்த வெற்றிடக் குழாயின் புறவிட்டத்தைக் குறித்த வழக்கு, குழாய் போன பின்னும் பெயராக நிலைத்துவிட்டது. காரணம் அழிந்தும் பெயர் நிற்பதைத் தமிழ் வாத்தியார் எவரும் குறைகூற மாட்டார்.)

சில்லு சிறிதாயின் அதற்கேற்ற வில்லையும் சிறிதாகும். அதே காட்சியை அதே அகலத்திற் பிடிப்பதற்கு, பெரிய சட்டத்துக்கு 58 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லை வேண்டுமெனில், சிறிய சில்லுக்கு எட்டு மில்லிமீற்றருக்கும் குறைந்த வில்லை போதும். ஒளி புகும் வாயின் விட்டம் முன்னதில் 29 மில்லிமீற்றர் எனின், பின்னதில் நான்கு மில்லிமீற்றர்கூட இல்லை. வாய் சிறுக்கச் சிறுக்கத் தூரத்துப் பொருளும் கிட்டத்துப் பொருளும் ஒருங்கே துலங்கும். கண்ணில் வெள்ளெழுத்து விழுந்தவர் ஊசித்துளையிட்ட அட்டையூடாகப் புத்தகத்தைப் பார்த்தால் எழுத்துத் தெளிவதும் இந்த நியாயத்தினாலேயே. ஆகவே வீடியோக் கமரா எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டியது அதன் குற்றம் அன்று, அதன் பிறவிக்குணம்.

அக்குணத்தை மாற்ற ஒரு தந்திரம் உண்டு. கமரா நேரே உலகத்தைப் பார்க்காமல், உலகத்தின் பிம்பத்தைப் பார்க்கட்டும் என்பதே அது. பெரிய ஒளிப்பட வில்லையை முன்னே நிறுத்தி, அது வீழ்த்தும் 36 மில்லிமீற்றர் அகலப் பிம்பத்தை அரைஒளி ஊடுருவும் கண்ணாடித் தகட்டில் ஏந்தி, அத்தகட்டை வீடியோக் கமராவினாற் பின்புறமிருந்து படம் பிடிப்பது. முன்வில்லை எதைத் துலக்குகின்றதோ அது துலங்கும். மற்றவை தகட்டிலேயே மங்கிவிடும். கமரா அம்மங்கலையும் உள்ளவாறே பதிந்துகொள்ளும்.

தகட்டிற் பிம்பம் ஏந்துவது பழைய வித்தை. பசராவிலே பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இருட்டறையின் துளையூடாகப் புகும் ஒளியை ஆராய்ந்தவர். 1604 ஆம் ஆண்டிலே கெப்ளர் அவ்விருட்டறைக்கு இட்ட இலத்தீன் பெயரிலிருந்தே 'கமரா' என்னும் சொல் நமக்கு வந்தது. அதன் பொருள் வெறும் 'அறை' என்பதே. 1685 இல் யோகான் ஸான் என்னும் செருமானியத் துறவி கையிற் கொண்டுசெல்லத்தக்க பெட்டியாக அதனை வரைந்து காட்டினார். சென்ற நூற்றாண்டின் ஒளிப்பட நிலையங்களிலே கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து ஒளிப்படக்காரர் பார்த்துக்கொண்டிருந்ததும் அவ்வாறான தேய்த்த கண்ணாடியைத்தான். இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே செருமனியின் பி. அன் எஸ். ரெக்னிக் என்னும் நிறுவனம் இவ்வித்தையை வீடியோக் கமராவோடு பூட்டி 'மினி 35' என்னும் கருவியாக விற்றது. அதன் விலை ஆயிரக்கணக்கான டொலர். வாங்கவியலாத இளைஞர் பல நாடுகளிலும் குழாயும் பசையும் கொண்டு தாமே அதனைச் செய்யத் தலைப்பட்டனர். அவர்களுடைய குறிப்புகள் சிலவற்றை மட்டக்களப்பு நகரத்துக் கணினி நிலையத்தில் அச்செடுத்துக்கொண்டு என் மாணவர் என்னிடம் வந்தார்கள். குறிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தமையே நான் இவ்விடயத்திற் புகுந்த வழி.

இங்கே ஒரு சிறு வேடிக்கை. அத்தாளிற் பக்கத்துக்குப் பக்கம் 'கிரவுண்ட் கிளாஸ்' என்று வந்தது. மூவரில் ஒருவர் அதனை 'நிலக்கண்ணாடி' என்று பெயர்த்து, நிலத்திற் பதிக்கும் கண்ணாடி எங்கே விற்கும் என்று ஏறாவூர் வரை விசாரித்து வந்திருந்தார். அது நிலம் என்னும் பெயர்ச்சொல் அன்று, அரைத்தல் என்னும் வினையின் இறந்தகால எச்சம் என்று நான் விளக்கிய பின்னரே வேலை தொடங்கிற்று. என் பண்டிதப் பட்டம் ஒரு பொறிக்கு உதவியது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். 'தேய்கண்ணாடி' என்று அன்று நான் வைத்த வினைத்தொகையை அவர்கள் கடைசிவரை வழங்கினார்கள்.

முன்வில்லை எளிதிற் கிடைத்தது. வாழைச்சேனைப் பக்கத்து ஒளிப்பட நிலையம் ஒன்று படச்சுருள் வேலையை நிறுத்திவிட்டிருந்தது. அதன் உரிமையாளர், சோவியத் நாட்டு ஸெனிற் கமரா ஒன்றைத் தூசியோடு எடுத்து அப்படியே கொடுத்தார். அதில் இருந்தது ஹீலியோஸ் 44 என்னும் வில்லை. 58 மில்லிமீற்றர் குவியத்தூரம். இலட்சக்கணக்கிற் செய்யப்பட்டு உலகெங்கும் பரவிய சாதாரணப் பொருள். அதன் திருகுவாயின் விட்டம் 42 மில்லிமீற்றர். திருகுவாயின் விளிம்பிலிருந்து பிம்பம் விழும் தளம் வரை 45.46 மில்லிமீற்றர் தூரம் இருத்தல் வேண்டும். இந்த இரண்டு தசமதானங்களை நான் பொருட்படுத்தவில்லை. "நாற்பத்தைந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். குழாய் வெட்டும் வாளால் அந்த அரையே கைகூடவில்லை. ஒரு மில்லிமீற்றர் கூடியபோது தூரத்துத் தென்னைகள் எவ்வாறு திருகினாலும் துலங்க மறுத்தன. ஈற்றிற் கடதாசி வளையங்களை ஒவ்வொன்றாக அடுக்கியும் கழற்றியும் சரிசெய்தனர். எத்தனை கடதாசி என்பதை அவர்கள் குறித்துவைத்த கொப்பி இன்னும் என்னிடம் உண்டு.

காரைதீவிலே பிறந்த விபுலானந்த அடிகள், வழக்கொழிந்த யாழை இலக்கியச் சான்றுகளைக் கொண்டும் கணக்கைக் கொண்டும் மீளக் கண்டு, 1947 இல் யாழ் நூலை வெளியிட்டவர். அவர் தமிழ்ப் பண்டிதர். விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவார். நரம்பின் நீளத்தைப் பின்னத்திலே கணக்கிட்ட அவர் இருந்திருந்தால், 45.46 ஐ நாற்பத்தைந்தரை ஆக்கிய என்னை என்ன சொல்லியிருப்பாரோ என்று அன்று இரவு எண்ணிக்கொண்டேன்.

தேய்கண்ணாடி செய்வது பெரும்பாடாயிற்று. மோட்டார் திருத்தும் கராச்சிலே வால்வு தேய்க்கும் பசை வாங்கி, இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தார்கள். கண்ணாடி வெளுத்தது, ஆனால் அதன் பரல் பெரிது. படத்திலே ஆளின் முகத்தின்மீது கடற்கரை மணலைத் தூவியது போலக் காணப்பட்டது. அடுத்து, மெழுகுவர்த்தியை உருக்கி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வார்த்துப் பார்த்தனர். பரல் போயிற்று. ஆறும்போது மெழுகு ஓரிடத்திற் கட்டியாகவும் ஓரிடத்தில் ஐதாகவும் உறைந்தமையால், வானத்தில் இல்லாத முகில்கள் முகத்திற் படர்ந்தன.

மூன்றாவது வழியே நிலைத்தது. வெற்று இசைத்தட்டுகள் விற்கும் அடுக்கின் மேலே காவலாக ஒரு நிறமற்ற பிளாஸ்ரிக் தட்டு இருக்கும். அதனை எல்லோரும் வீசிவிடுவர். அத்தட்டின் ஒரு முகத்தை நுண்ணிய பொடியால் தேய்த்து வெளுக்கச் செய்து, சிறு மோட்டாரிற் பூட்டிச் சுழல விட்டார்கள். தட்டின் விட்டம் 120 மில்லிமீற்றர். நடுத்துளையும் மோட்டார் பூட்டும் இடமும் போக எஞ்சும் வளையத்தின் அகலத்துள் 24 மில்லிமீற்றர் உயரப் பிம்பம் தாராளமாக அடங்கும். தட்டுச் சுழலும்போது பரல்கள் ஒன்றோடொன்று இழைந்து கண்ணுக்குத் தோன்றாது மறையும். பிம்பமோ அசையாது நிற்கும். ஓடுகின்ற தட்டின்மேல் ஓடாமல் நிற்கும் உருவத்தை முதன்முதல் நான் கண்டபோது, சுழலும் குயவன் சக்கரத்திலே அசையாதிருக்கும் பானைவாய் நினைவுக்கு வந்தது. குழாயின் ஒருபுறத்திற் புடைத்து நிற்கும் தகரப்பெட்டி இத்தட்டின் வீடு.

பின்புறத்திலே, கமரா அத்துணைக் கிட்டத்துப் பொருளைத் துலக்கமாகப் பார்ப்பதற்கு ஒரு குவிவு வில்லை வேண்டியிருந்தது. சாதாரண உருப்பெருக்குக் கண்ணாடியை வைத்தபோது ஓரங்களிலே நீலமும் செம்மையும் விளிம்புகட்டின. ஒரு கண் உடைந்த தொலைநோக்கியின் மறு கண்ணிலிருந்து எடுத்த இரட்டைக் கண்ணாடி அந்த நோயைத் தீர்த்தது. மூலைகள் மட்டும் சற்று இருண்டே இருந்தன. அதற்கு மருந்து தேட நாள் இருக்கவில்லை.

நிற்க. இவ்வாறு செய்த கருவியிலே உலகம் தலைகீழாகத் தெரிந்தது. வில்லை வீழ்த்தும் பிம்பம் மேல்கீழாகவும் இடம்வலமாகவும் மாறி விழுமாதலால், கமராவின் சிறு திரையில் அண்ணாவியார் வானத்திற் காலூன்றி மத்தளம் அடித்தார். வலப்புறம் பாயும் வீரன் திரையில் இடப்புறம் பாய்ந்தான். பின்னர்க் கணினியிலே திருப்பிக்கொள்ளலாம். ஆனால் எடுக்கும் நேரத்தில் எடுப்பவனுடைய கை ஏமாறும். படம்பிடிக்கும் பொறுப்பை ஏற்ற மாணவர் ஒரு கிழமை முழுவதும் முற்றத்துக் கோழிகளைப் பின்தொடர்ந்து பழகினார். வேறொரு தொல்லை ஒலி. மோட்டாரின் இரைச்சல் மத்தளத்தின் ஊடே தேனீக் கூட்டம் போல் ஒலித்தது. ஒலியை வேறொரு கருவியில், தூர வைத்துப் பதிவது என்று முடிவாயிற்று.

ஒளியும் குறைவு. தேய்கண்ணாடி ஒளியைச் சிதறடிப்பதனால், வந்த ஒளியிற் பாதிக்கு மேல் கமராவைச் சேருவதில்லை. முன்னாளிற் களரிக்கு வாழைக்குற்றியில் விளக்கேற்றினர். பின்பு பெற்றோல்மாக்ஸ் வந்தது. எங்கள் களரிக்கு மின்பிறப்பாக்கியும் குழல்விளக்கும். சத்தியஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்தில், ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா காசி நகரத்து வீட்டு முற்றத்தைப் படப்பிடிப்பு நிலையத்திலே அமைத்து, மேலே துணி கட்டி, விளக்கொளியை அத்துணியிற் படவைத்துத் திருப்பி இயற்கை வெளிச்சம் போலாக்கினார் என்பதை நான் படித்திருந்தேன். களரிக்கு மேலேயும் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். இரண்டு விளக்குகளை மேல்நோக்கித் திருப்பினோம். ஆடுவோர் முகத்தின் கன்ன நிழல்கள் இளகின. போதிய வெளிச்சம் வந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் மோசமில்லை.

சதங்கை அணியும் இரவிலே கருவியைக் களரிக்குக் கொண்டு சென்றார்கள். மறுநாள் மாலை என் வீட்டுத் திண்ணையிற் கணினியை வைத்து, படத்தை நிமிர்த்தி, அண்ணாவியாருக்குக் காட்டினோம். அழகு என்றால் அழகுதான். வியர்வை பூத்த நெற்றியும், முடியிலே பதித்த கண்ணாடித் துண்டுகளும் துல்லியம். பின்னே உள்ள விளக்குகள் எல்லாம் ஒளிவட்டங்களாகி, முகத்தைச் சூழச் சுழன்று நின்றன. ஹீலியோஸ் வில்லைக்கு அச்சுழற்சி இயல்பு. மோட்டார்ச் சைக்கிள் இல்லை. ஐஸ்கிறீம் பெட்டி இல்லை. இளைஞர்கள் அவருடைய முகத்தையே பார்த்திருந்தனர்.

அண்ணாவியார் நெடுநேரம் பேசவில்லை. பின்பு திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், "என்ர சல்லரிக்காரன் எங்க, மனே?" என்றார்.

சல்லரிக்காரர் அவரோடு நாற்பது ஆண்டு நின்றவர். ஆட்டக்காரனுக்குப் பின்னே, மத்தளத்துக்கு இரண்டு முழம் இடப்புறத்தில் அவருடைய இடம். அவ்விடத்திலே திரையில் ஒரு வெண்புகையும், புகையினுள்ளே தாளத்துக்குத் தாளம் மின்னி மறையும் இரண்டு ஒளிப்பொட்டுகளும் இருந்தன. அவை சல்லரியின் இரண்டு வட்டுகள். மனிதரைக் காணவில்லை. பிற்பாட்டுக்காரரையும் காணவில்லை. சுற்றிவர இருந்த சனம் வெறும் நிறம்.

"இவன் ஆடுறது அவன்ர தாளத்துக்கு. அவனைப் புகையாக்கிப்போட்டு இவனை மட்டும் காட்டினா, இவன் என்னத்துக்குக் கால் தூக்கிறான் எண்டு ஆருக்கு விளங்கும், வாத்தியார்?" என்று என்னைக் கேட்டார்.

இளைஞர் சார்பில் வாதாட முற்பட்டேன். எதைப் பார்க்கவேண்டும் என்று காட்டுவதும் கலையன்றோ என்றேன். அவர் மறுக்கவில்லை, "அது நாடகக் கொட்டகைக்குச் சரி" என்று மட்டும் சொன்னார். அவ்வொரு சொல் என்னை அன்றிரவு உறங்க விடவில்லை.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960 களிலே பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றினார். விடிய விடிய ஆடியதை ஓரிரு மணி நேரத்துக்குச் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து மூன்றுபுறம் அடைத்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். கூத்தைப் படித்தவர் மதிக்கத் தொடங்கியது அதன் பின்னரே. அந்நன்றியை மறத்தல் ஆகாது. ஆயினும் அங்கே பார்ப்போர் ஒருபுறம் ஆயினர். ஆடுவோர்க்கு ஒரு முன்னும் ஒரு பின்னும் உண்டாயின. களரியில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான்கு திசையிலும் மக்கள். எந்தத் திசையில் இருப்பவனுக்கும் எதிரே ஆடுவோனுக்கு அப்பால் இன்னொரு திசையின் முகங்கள் தெரியும். என் மாணவர் 'பின்புலம்' என்று கருதி மங்கவைத்தது மறுகரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களை.

மங்கவைத்தலே கலை என்று சினிமாவிலும் எல்லோரும் கொண்டாரல்லர். 1941 இல் வெளிவந்த ஓர்சன் வெல்சின் 'சிற்றிசன் கேன்' படத்திலே, ஒளிப்பதிவாளர் கிரெக் ரோலண்ட் அரும்பாடுபட்டு, வில்லையின் வாயைச் சுருக்கி, விளக்கைப் பெருக்கி, கிட்டத்துப் பொருளையும் தூரத்துப் பொருளையும் ஒருங்கே துலக்கினார். கண் தான் விரும்பிய இடத்தைப் பார்க்கட்டும் என்னும் அச்சுதந்திரத்தைப் பிரான்சிய விமரிசகர் ஆந்த்ரே பசான் பெரிதும் பாராட்டினார். ரோலண்ட் பாடுபட்டுப் பெற்றதைக் கலியாண வீடியோக் கமரா பாடுபடாமலே கொடுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஒரு மாதம் கண்ணாடி தேய்த்தது அதனைக் கெடுப்பதற்கு.

இன்னொரு நடைமுறைக் குறையும் இருந்தது. மூன்று மீற்றர் தூரத்தில் நிற்பவனை அவ்வில்லை முழுவாய் திறந்து பார்த்தால், துலக்கமாக இருக்கும் ஆழம் ஒரு முழத்துக்கும் குறைவு. வடமோடி ஆட்டத்திலே வீரன் ஒரு பாய்ச்சலில் இரண்டு முழம் தாண்டுவான். தலைகீழ்ப் படத்தைப் பார்த்துக்கொண்டு, இருட்டிலே, அப்பாய்ச்சலோடு வில்லையைத் திருகிச் செல்வது எவருக்கும் கைவராது. சதங்கை இரவின் படத்திற் பாதி நேரம் துலங்கியிருந்தது ஆடுவோன் அல்லன். அவன் சற்று முன் நின்ற வெற்றிடம்.

அரங்கேற்றத்து இரவு குழாயை வீட்டிலே வைத்துவிட்டனர். களரி ஓரத்து வேப்பமரத்திற் பரண் கட்டி, வெறுங் கமராவை அதன்மேல் இருத்தி, வட்டம் முழுவதும் அடங்குமாறு விடியும்வரை எடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாடா. மோட்டார்ச் சைக்கிளும் விழுந்தது, கொட்டாவியும் விழுந்தது. அதைப்பற்றி எவரும் பேசவில்லை.

குழாய் வீணாகவில்லை. அதற்குரிய இடம் வேறு என்பதை மூவரும் தாமே கண்டுகொண்டனர், நான் சொல்லிக்கொடுத்ததன்று. அரங்கேற்றம் முடிந்த பின்னர் பத்துப் பன்னிரண்டு பகற்பொழுதுகள் அண்ணாவியார் வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போனார்கள். தென்னோலை நிழலில் ஒளி தாராளம். அவர் எழுந்து பாய்வதில்லை. ஒரு முழத்து ஆழம் அவருக்குப் போதும். தாளக்கட்டை வாயாற் சொல்லி, பின் விரலாற் காட்டி, பின் மீண்டும் வாயாற் சொல்லும் அம்முகத்தையும் மத்தளத்தின் தோலையும் அக்கருவி எடுத்தவாறு வேறு எதுவும் எடுத்திராது. நடுவிரல் தோலைத் தொட்டும் தொடாமலும் மீளும் நுட்பம் ஒன்று உண்டு. பின்னாலுள்ள வேலியும் ஆட்டுக்குட்டியும் மங்கியமையாலேயே அந்த விரலை நான் முதன்முறை கண்டேன். இருபது ஆண்டு அவருடைய மத்தளத்தைக் கேட்டும் கண்டிராத விரல்.

சல்லரிக்காரர் அவ்வாண்டு மார்கழி மழைக்கு முன்னரே காலமானார். செத்தவீட்டிற்கு வைக்க ஒரு படம் வேண்டுமென்று அவருடைய மகள் வந்து கேட்டார். அடையாள அட்டைப் படம் ஒன்றைத் தவிர வேறு அவர்களிடம் இல்லை. பரணிலிருந்து எடுத்த நாடாக்களை ஓட்டிப் பார்த்தோம். சிறியதாய், ஆயினும் தெளிவாய், விடிசாமத்து வெளிச்சத்திலே, சல்லரியை மார்புக்கு நேரே பிடித்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு நின்றார். அதைப் பெரிதாக்கிக் கொடுத்தோம்.

கருவியின் கதையும் அவ்வாண்டோடு பெரும்பாலும் முடிந்தது. 2008 ஆகஸ்ட் மாதத்திலே நிக்கொன் நிறுவனம், ஒளிப்படக் கமரா ஒன்றிலேயே வீடியோவும் எடுக்கும் வசதியோடு டி90 என்பதை அறிவித்தது. அடுத்த மாதம் கனொன் நிறுவனத்தின் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. அதன் சில்லு, பழைய படச்சட்டத்தின் அளவாகிய 36க்கு 24 மில்லிமீற்றர். பிம்பத்தை ஏந்த இடைத்தகடு வேண்டாம்; தேய்க்க வேண்டாம்; சுழற்ற வேண்டாம்; தலைகீழும் இல்லை. உலகெங்கும் இளைஞர் இராப்பகலாய்த் தேய்த்த கண்ணாடிகள் இரண்டொரு ஆண்டில் மூலைக்குப் போயின. இக்காலத்துக் கைத்தொலைபேசியோ, சிறு சில்லை வைத்துக்கொண்டே, ஆள் இது, பின்புலம் இது என்று கணக்கிட்டுப் பிரித்துப் பின்புலத்தை மங்கச் செய்கின்றது. சிலவேளை காதையும் பின்புலம் என்று எண்ணி மங்கவைத்துவிடும்.

அண்ணாவியாரும் இப்பொழுது இல்லை. நாடாக்களை ஓட்டும் கருவி அருகிவிட்டது. அவற்றைக் கணினியோடு இணைக்கும் பழைய துவாரமும் புதிய கணினிகளில் இல்லை. தாழ்வாரத்துப் படங்களையும் அரங்கேற்றத்து இரவின் பெரும்பகுதியையும் உரிய காலத்திற் பிரதி எடுத்துவிட்டனர். பூஞ்சணம் பிடித்த இரண்டு நாடாக்கள் போனவை போனவைதான்.

மூவரில் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் புதிய கமரா ஒன்றோடு வந்தார். அண்ணாவியாரின் பேரன் இப்பொழுது மத்தளம் பழகுகின்றான், அவனை எடுக்கப் போகின்றேன் என்றார். குழாயை வாங்கி, ஹீலியோஸ் வில்லையை மட்டும் திருகிக் கழற்றினார். விரற்கடை அகலமான உலோக வளையம் ஒன்றைத் தம் கமராவிற் பூட்டி, அதன்மேல் வில்லையைத் திருகினார். வளையத்துள் கண்ணாடியே இல்லை. உரிய தூரத்தில் வில்லையை நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "வில்லையில இருந்து சில்லு மட்டும் அதே நாற்பத்தைஞ்சு தசம் நாலு ஆறுதான், சேர்" என்று சிரித்தார்.

குழாயை அவர் கொண்டுபோகவில்லை. திருகு வளையம் வாய் திறந்தபடியே அலுமாரியிற் கிடக்கின்றது. சென்ற மாரியிலே பல்லியொன்று அதற்குள் முட்டையிட்டிருந்தது.